பியானோ மாணாக்கரும் கல்லூரித் தெரிவும்

பியானோ வாசிப்பையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள எண்ணும் இளைஞர் அமெரிக்காவிற் கல்வி கற்க விரும்பினால், முதலில் பெயர்பெற்ற கல்லூரிகளின் பட்டியலையே தேடுவர். உண்மையில் அவர் தேடவேண்டியது ஓர் ஆசிரியரை. ஏனைய துறைகளிற் பலர் கூடிக் கற்பிப்பர். பியானோ மாணாக்கரோ வாரந்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரே ஆசிரியரின் முன்னிலையில் தனியே அமர்ந்து பயில்கின்றார். பெரும்பாலும் நான்கு ஆண்டுகளும் இவ்வாறே கழியும். அந்த ஆசிரியர் பொருந்தாவிடின் கல்லூரியின் புகழால் விளையும் பயன் சிறிதே.

1958 ஆம் ஆண்டு மொஸ்கோவில் நடைபெற்ற சைக்கோவ்ஸ்கி போட்டியில் முதற்பரிசு பெற்ற வான் கிளைபர்ன், நியூயோர்க் ஜூலியார்ட் கல்லூரியில் ரொசீனா லெவீன் அம்மையாரிடம் பயின்றவர். இந்தியானா பல்கலைக்கழகம் அமைந்த புளூமிங்டன் பெருநகரன்று. ஆயினும் மெனாகெம் பிரெஸ்லர் 1955 முதற் பல பத்தாண்டுகள் அங்கே கற்பித்தமையால் மாணாக்கர் அவ்வூரைத் தேடிச் சென்றனர்.

ஆகவே, இயலுமாயின் விண்ணப்பிக்கு முன்னரே ஆசிரியரிடம் ஒரு மாதிரிப் பாடம் கேட்டுப் பெறுதல் நன்று. இக்காலத்தில் இணையவழியாகவும் அதனைப் பெறலாம். தாம் வாசிப்பதைப் பின்பற்றும்படி மட்டும் அவர் சொல்கின்றாரா, அன்றி மாணாக்கரின் செவியைப் பண்படுத்துகின்றாரா என்பது அப்போது புலப்படும். கை நோகின்றது என்றால் அவர் கூறும் மறுமொழியையும் கவனித்தல் வேண்டும். தசைநார் நோவினால் வாசிப்பையே கைவிட்டோர் உளர்.

அடுத்தது பட்டம். இசைமாணிப் பட்டத்திற் பாடங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இசையாக இருக்கும். கலைமாணிப் பட்டத்தில் அது மூன்றில் ஒரு பங்களவே. இரண்டையும் விரும்புவோர்க்கு ஓபர்லின் கல்லூரியில் ஐந்தாண்டு இரட்டைப் பட்டநெறி உண்டு. பிலடெல்பியாவின் கேர்ட்டிஸ் நிலையம் 1928 முதற் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. ஆனால் அங்கு இடங்கள் மிகச் சில. பிற இடங்களிற் கட்டணமும் உணவு உறையுட் செலவும் ஒரு குடும்பத்தின் சேமிப்பை முற்றாக விழுங்கிவிடக்கூடும். உதவித்தொகை எவ்வளவு என்பதை எழுத்தில் அறியாது இடத்தை ஏற்பது பேதைமை.

நுழைவுத் தேர்வின் தன்மையையும் நம்மவர் உணர்தல் வேண்டும். இலண்டன் இசைச்சங்கப் பரீட்சையின் எட்டாந் தரத்திற் சில உருப்படிகளை இசையேட்டைப் பார்த்தே வாசிக்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளோ பொதுவாக பாஹ்கின் ஒரு பிரிலூடும் பியூகும், பேத்தோவன் போன்றோரின் முழுச் சொனாட்டா ஒன்று, சோப்பினின் எத்தியூட் போன்ற கடும் பயிற்சி உருப்படி ஆகியவற்றை மனப்பாடமாக எதிர்பார்க்கும். எட்டாந் தரச் சான்றிதழ் மாத்திரம் இதற்குப் போதாது.

இனி, தனிக்கச்சேரியே பியானோக் கலைஞரின் ஒரே வழியன்று. இலங்கையிற் பிறந்த ரொஹான் டி சில்வா, இலண்டன் றோயல் அக்கடமியிலும் ஜூலியார்டிலும் பயின்று, வயலின் மேதை இட்சாக் பேர்ல்மனுடன் இணைந்து வாசித்து உலகப் புகழ் பெற்றவர். எனவே பாடகருடனும் வயலின் கலைஞருடனும் இணைந்து வாசிக்கும் வாய்ப்பு முதலாண்டிலேயே கிடைக்குமா என்று மாணாக்கர் வினவுதல் வேண்டும். அங்கே பயில்வோரிடம் இன்னொன்றையும் கேட்கலாம்: இரவு எட்டு மணிக்குப் பயிற்சி அறையொன்று வெறுமையாகக் கிடைக்குமா, கிடைத்தால் அதிலுள்ள பியானோ சுருதி சேர்ந்திருக்குமா என்பதே அது.