வாஷிங் மெஷின் வாங்கப் போறீங்களா? முதல்ல வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்க!

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்களின் சட்டையைப் பார்த்தாலே போதும். யார் மெஷின் ஓட்டுகிறவர், யார் மூட்டை தூக்குகிறவர், யார் ஆபீஸ் கிளார்க் என்று சொல்லிவிடலாம். கிரீஸ், ஆயில், தூசி, வியர்வை! அத்தனையும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் துவைக்கிற கல்!

அந்தக் கல்லுக்கு முன்னால் குனிந்து நிற்கும் குடும்பத் தலைவிகளிலும் இப்போது பலர் காலையில் டிபன் பாக்சுடன் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். ராத்திரி வந்து எண்ணெய்க் கறையோடு மல்லுக்கட்ட யாரால் முடியும்? அதனால்தான் "ஒரு மெஷின் வாங்கிப் போடுங்களேன்" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கிளம்புகிறது. தீபாவளி வந்தால் தள்ளுபடி, பொங்கல் வந்தால் தவணை!

வாங்கட்டும். தப்பே இல்லை. ஆனால் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல் முழுங்குகிற சாமான் இது. தவணை முடிவதற்குள் மெஷின் முடிந்துபோனால்? மூலையில் போட்டு மேலே பழந்துணி மூட்டையை அடுக்க வேண்டியதுதான். அப்படி எத்தனை வீட்டில் நிற்கிறது!

இத்தனைக்கும் வாஷிங் மெஷின் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1980-களின் கடைசியிலேயே அமெரிக்காவின் வேர்ல்பூல் கம்பெனி டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் வாஷிங் மெஷின் தொழிற்சாலை தொடங்கிவிட்டது. விழுப்புரம் ரோட்டில் திருபுவனை பக்கம் போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். 1996-ல் அதுவும் கெல்வினேட்டரும் சேர்ந்துதான் வேர்ல்பூல் ஆப் இந்தியா ஆனது. ஆனால் நம்ம மண்ணில் செய்த மெஷின் என்பதற்காக அது நம்ம வீட்டுக் குழாய்க்குச் சரிப்பட்டுவிடுமா? அங்கேதான் சிக்கல்!

வாளி வைத்துப் பாருங்கள்

கடையில் பளபளவென்று நிற்கும் ஆட்டோமேடிக் மெஷினுக்குத் தானாகத் தண்ணீர் பிடித்துக்கொள்ளத் தெரியும். ஆனால் அது தண்ணீரை உறிஞ்சி இழுக்காது. குழாயில் வேகமாக வந்தால்தான் பிடிக்கும். கணக்கு சுலபம். 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குச் சுமார் 1 பார் அழுத்தம். ஒற்றைத் தளவீட்டில் மொட்டை மாடி டேங்கில் தண்ணீர் மட்டம் குழாய்க்கு மேலே 3 மீட்டர்தான் என்றால் கிடைப்பது 0.3 பார். பல மெஷின்கள் குறைந்தபட்சமாகக் கேட்பதே 0.3, 0.5 என்றுதான் கையேட்டில் போட்டிருக்கும். டேங்கில் பாதித் தண்ணீர் குறைந்தால் அதுவும் இறங்கும்.

பிறகு என்ன நடக்கும்? மெஷின் காத்திருக்கும், காத்திருக்கும், கடைசியில் ஏதோ இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மெக்கானிக் வருவார். "மெஷின்ல ஒண்ணுமில்லீங்க, தண்ணி பத்தலை" என்பார். வந்ததற்குக் கூலியை வாங்கிக்கொண்டு போவார்!

ஆகவே கடைக்குப் போகுமுன் மெஷின் வைக்கப்போகிற இடத்துக் குழாயில் 10 லிட்டர் வாளியை வையுங்கள். மளமளவென்று நிரம்பினால் சரி. நூல் மாதிரி ஒழுகினால் டேங்கை உயர்த்த வேண்டும், அல்லது சின்ன பிரஷர் பம்பு போட வேண்டும். அந்தச் செலவையும் மெஷின் விலையோடு கூட்டிப் பாருங்கள். வாடகை வீடா? வீட்டுக்காரரைக் கேட்காமல் குழாயில் கை வைக்காதீர்கள்.

இரண்டும் முடியாதா? கவலை வேண்டாம். இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேடிக் இருக்கிறதே! "பழைய மாடல்" என்று விற்பனைப் பையன் முகத்தைச் சுளிப்பான். சுளிக்கட்டும். வாளியில் மொண்டு ஊற்றினாலும் ஓடுகிற மெஷின் அதுதான். துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், திருகுகிற டைமர். இதில் எது கெட்டாலும் பழுது பார்க்க ஊரிலேயே ஆள் கிடைப்பார். இன்னொரு லாபமும் உண்டு. முதலில் வெள்ளைத் துணி, அதே தண்ணீரில் கலர் துணி, கடைசியாகக் கிரீஸ் படிந்த கம்பெனி யூனிபாரம் என்று ஒரே சோப்புத் தண்ணீரை மூன்று தரம் ஓட்டலாம். ஆட்டோமேடிக்கில் இந்தச் சிக்கனம் நடக்காது. ஆனால் அலசுவதற்கும் பிழிவதற்கும் துணியை எடுத்து எடுத்துப் போட வேண்டும். கூடவே ஆள் நிற்க வேண்டும். இடுப்பு வலி முழுசாகத் தீராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உப்புத் தண்ணி

அடுத்தது தண்ணீரின் குணம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் சொரசொரவென்று படிந்திருந்தால் அது கடினத் தண்ணீர். இந்தத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று தூளை அள்ளிப் போடுவோம். போட்ட தூள் அலசுப்படாமல் துணியிலேயே தங்கிவிடும். கருப்பு பேண்டில் வெள்ளைத் திட்டு விழுவது அதனால்தான்.

முன்பக்கம் கதவு வைத்த மெஷின் தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும், அழுக்கை நன்றாக எடுக்கும். உண்மைதான். ஆனால் அதன் வயிற்றில் ஹீட்டர் இருக்கிறது. பாத்திரத்தில் படிகிற அதே சுண்ணாம்பு அதன்மேலும் படியும். படியப் படியச் சூடேறத் தாமதமாகும், கடைசியில் ஹீட்டரே போய்விடும். குழாய் வாயில் ஒரு பில்டர், அவ்வப்போது சிட்ரிக் அமிலம் போட்டு ஒரு சுத்து. இதைச் செய்ய மனசிருந்தால் வாங்கலாம். சாதாரண சோப்புத் தூளை இதில் போட்டால் நுரை பொங்கும். அதற்கென்று விற்கும் தூளைத்தான் போட வேண்டும்.

டிரையர் காய வைக்குமா?

பெரிய ஏமாற்றம் இங்கேதான்! செமி ஆட்டோமேடிக்கில் "டிரையர்" என்று சொல்கிறார்களே, அது காய வைக்காது. வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். அவ்வளவுதான். ஈரம் மிச்சமிருக்கும், கொடியில் போட்டே ஆக வேண்டும்.

சூடான காற்றில் நிஜமாகவே காய வைக்கிற டிரையர் வேறு. 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் கரண்டு! ஹீட் பம்பு வகை அதைவிடக் கணிசமாகக் குறைவாகக் குடிக்கும், விலையோ எக்கச்சக்கம். துவைத்துக் காயவும் வைக்கும் இரட்டை மெஷினில் ஒரு சூட்சுமம் உண்டு: 8 கிலோ துவைக்கும் என்றால் 5 கிலோ அளவுதான் காய வைக்கும். மிச்சத்தை நடுவில் எடுத்துக் கொடியில் போட வேண்டும். இதைக் கடையில் யாரும் முதலில் சொல்வதில்லை.

நம்ம ஊரில் வருஷத்தில் பாதிக்கு மேல் வெயில் சும்மா காய்கிறது. ஐப்பசி, கார்த்திகைதான் தொல்லை. அப்போதும் பாருங்கள், 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அம்மாதிரி நேரத்தில் கரண்டே இருக்காது, டிரையர் என்ன செய்யும்? இரண்டு தரம் பிழிய விட்டு, அறையில் கொடி கட்டி, பேனைப் போடுவதே நம் கைக்கு எட்டிய டிரையர். மொட்டை மாடி இல்லாத அடுக்குமாடிக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

எலி விஷயத்தை மறந்துவிடக் கூடாது. வயல் ஒட்டிய வீடுகளில் மெஷினுக்கு எமன் எலிதான்! அடியில் புகுந்து ஒயரைக் கடித்துவிடும். அடிப்பக்கம் தகடு மூடியிருக்கிறதா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள். முன்கதவு மெஷின் என்றால் பின்னால் போக்குவரத்துக்காக முடுக்கிய போல்டுகள் இருக்கும். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் நடனமாடும். கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள், வீடு மாறும்போது தேவைப்படும். மூணு பின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஈரக் கையோடு தொடுகிற சாமான், விளையாட்டில்லை.

"10 வருஷ வாரண்டி"

"மோட்டாருக்கு 10 வருஷம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மோட்டாருக்கு மட்டும்! எலெக்ட்ரானிக் போர்டுக்கு எத்தனை வருஷம், மெக்கானிக் கூலி அதில் சேர்த்தியா என்பதைச் சின்ன எழுத்தில் தேடுங்கள். போர்டு போனால் செலவு ஆயிரக்கணக்கில். சர்வீஸ் ஆள் சேதராப்பட்டு வரை வருவாரா, தூரத்துக்குத் தனிக் காசா என்பதையும் வாங்குமுன் கேளுங்கள்.

ஒரு காலத்தில் "பாண்டியில் வாங்கினால் சல்லிசு" என்று எல்லை தாண்டி வருவார்கள். விற்பனை வரி குறைவு. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரி எங்கும் ஒன்றுதான். அதனால் விலையில் ஐந்நூறு கூடினாலும் கூப்பிட்டால் வருகிற கடையே மேல் என்பது என் கட்சி.

கூப்பிட்டும் வரவில்லையா? 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருஷச் சட்டப்படி கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

போகிறபோது பில் கேட்பார்கள். இப்போது கொடுக்கிற வழவழப்புக் காகித பில்லில் எழுத்து நாளடைவில் மங்கி வெறுந்தாளாகிவிடும். வாங்கின அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, வாரண்டி அட்டையோடு சேர்த்து, ரேஷன் கார்டு வைக்கிற பையில் போட்டு வையுங்கள்.