மூன்று இடங்கள் மிச்சம்

கோலாலம்பூரில் படிக்கிறேன். காலை எட்டு மணி வகுப்புக்கு ஏழரைக்கே வந்தாலும் வளாகத்தில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. சாலையோரம் நிறுத்தினால் சம்மன்; இன்னொரு காரை மறித்து நிறுத்தினால் அந்த மாணவர் வெளியேற முடியாமல் தவிப்பார்.

மாணவர்களே, மலேசியர்களுக்கான மை50 பயண அட்டை இருந்தால், 50 ரிங்கிட்டுக்கு 30 நாள் ரேப்பிட் கேஎல் பேருந்து, எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயிலில் எத்தனை முறையும் பயணிக்கலாம். காரின் மாதத் தவணை இதைவிடப் பல மடங்கு. பெட்ரோலும் காப்புறுதியும் தனி.

ஆனால், ரயில் நிலையம் அருகில் இல்லாதவர்களுக்கும் இரவு வேலை முடித்து வீடு திரும்புபவர்களுக்கும் கார் அவசியம். மற்றவர்கள் ரயிலில் வரலாமே! ஒரே தாமானிலிருந்து வரும் நால்வர் ஒரே காரில் வந்தால், மூன்று இடங்கள் மிச்சம். அவை வேறு வழியில்லாத மூவருக்குக் கிடைக்கட்டும்.