வந்த காரணம் என்ன?

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தோடு திருவண்ணாமலைத் தெருக்களில் அலைந்த பள்ளி ஆசிரியர்களில் நானும் ஒருவன். வயது, படிப்பு, பிறந்த ஊர் எல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். இந்த ஊருக்கு வந்த காரணம் கேட்கும்போதுதான் பேனா தயங்கும். வேலை, வியாபாரம், படிப்பு, திருமணம், பிறந்த பிறகு வந்தது, குடும்பத்தோடு வந்தது, மற்றவை. ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும்.

செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, நாரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கல்யாணம் கட்டிக்கினு வந்தேன் சார்" என்றார். 'திருமணம்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"கட்டிக்கினு இந்த ஊருக்கேவா வந்தீங்க?"

இல்லையாம். வாழ்க்கைப்பட்டது தண்டராம்பட்டுப் பக்கம். மழை பொய்த்த வருஷம் வீட்டுக்காரர் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டார். "பூக்கடையில கட்டுற வேலை இருக்குது வாடின்னு எங்க அக்கா சொல்லுச்சு. புள்ளைங்கள இட்டுக்கினு வந்துட்டேன்."

படிவம் கேட்பது கடைசியாக விட்டுவந்த ஊரிலிருந்து கிளம்பிய காரணத்தை. அப்படியானால் இவர் வேலைக்காக வந்தவர். அந்த ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடி. வேலைக்காக என்று சொன்னவர்கள் பத்தில் ஒரு பங்குதான். பெண்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் திருமணம். அவர்களில் எத்தனை பேரிடம் இரண்டாவது கேள்வி கேட்கப்பட்டதோ!

வீட்டுக்காரர் கதை வேறு. 1979-ம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் மூலம் ஆள் பிடித்து அழைத்துப்போனவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. தானாக பஸ் ஏறிப் போய் வேலை தேடிக்கொண்டவர் அதில் சேரவில்லை. மேஸ்திரி யாராவது கூட்டிப்போனாரா என்று கேட்டேன். "மேஸ்திரியெல்லாம் இல்ல சார், எங்க மாமன் மவன்தான் இட்டுக்கினு போனான்." அந்த மாமன் மகன் உறவா, ஒப்பந்ததாரரா? எந்த அதிகாரி தீர்ப்பது?

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, தானாகப் போய் வேலையில் சேர்ந்தவரையும் சேர்த்துக்கொண்டது. நல்லதுதான். ஆனால் மாதச் சம்பளம் 18,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. நாள் கூலி 800 ரூபாய், 25 நாள் வேலை என்று வைத்தால் 20,000. அரசு வரம்பை உயர்த்தி அறிவிக்காதவரை, ஊரையும் பிள்ளைகளையும் விட்டுப்போன அந்த சென்ட்ரிங்காரர், அந்த மாதம் சட்டப்படி புலம்பெயர்ந்த தொழிலாளி இல்லை.