புழு பழகவில்லை

ஆலங்குளத்திலிருந்து வெம்பக்கோட்டைப் பக்கம் கரிசல் காடு. பட்டாசுத் தொழிலுக்கு வாய்த்த அதே காய்ந்த வானத்தை நம்பித்தான் இங்கே மானாவாரிப் பருத்தியும் விளைய வேண்டும். காய்ப்புழுவைப் பற்றிப் பேச்செடுத்தால், "புழு மருந்துக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். உரக்கடையிலும் அதே பேச்சுதான்.

முதல் வருடம் கொத்துக் கொத்தாகச் செத்த புழு சில வருடங்களில் அசையாமல் தின்றுகொண்டிருந்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் எந்தப் புழுவும் பழகவில்லை. மருந்து தாங்காதவை செத்தன. மருந்து வருவதற்கு முன்பே வேறு மாதிரிப் பிறந்திருந்த சில பிழைத்து, அந்துப்பூச்சியாகி முட்டையிட்டுப் பெருகின. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் வீரியம் கூடிய மருந்தைத் தேடி ஓடுகிறோம்.

வேறு மாதிரிப் பிறப்பது எப்படி? உயிரணு ஒன்று இரண்டாகும்போது அதன் டி.என்.ஏ முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். மனிதருக்கு அது சுமார் 600 கோடி எழுத்துகள். படியெடுக்கும் நொதி தன் தவறைத் தானே திருத்திக்கொண்டு போகிறது. பின்னாலேயே சரிபார்க்கும் புரதங்களும் வருகின்றன. அப்படியும் சில தப்பிவிடும். அப்பா, அம்மா இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரும் சில வேதிப்பொருள்களும் தவறைக் கூட்டும். எக்ஸ் கதிர் பழ ஈயின் மரபணுவை மாற்றுவதை ஹெர்மன் முல்லர் 1927-இல் காட்டினார். எதுவும் தீண்டாவிட்டாலும் நிற்காது: சைட்டோசின் என்ற எழுத்து, உடலின் நீரில் இருந்தபடியே மெல்லத் தன் வடிவம் மாறிவிடும்.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. மற்றவை நன்மையா தீமையா என்பது இருக்கும் இடத்தைப் பொறுத்தது. 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட அரிவாள் அணு என்ற இரத்தக் கோளாறு, ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது. அந்த மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் வாழ்நாள் முழுவதும் வதைக்கும்.

தேவை வந்த பிறகு மாற்றம் பிறக்கிறதா, மாற்றம் முன்பே இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு மிக அழகான விடை சொன்னவர்கள் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் தம்பதி. 1952-இல் அவர்கள் தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களின் மேல் வெல்வெட் துணியை ஒற்றியெடுத்து, மருந்து கலந்த பல தட்டுகளில் பதித்தார்கள். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில்தான் பாக்டீரியா பிழைத்து வளர்ந்தது. மருந்தையே கண்டிராத மூலத்தட்டில் அதே இடத்தைச் சோதித்தால், அங்கேயும் மருந்தைத் தாங்கும் பாக்டீரியா முன்கூட்டியே இருந்தது.

இப்போது பருத்திக்கு வருவோம். 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணு அந்தச் செடியில் இருக்கிறது. அது உண்டாக்கும் நச்சுப் புரதம், புழுவின் குடலில் கேட்ஹெரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு குடலைத் துளைக்கும். கேட்ஹெரின் மரபணு சிதைந்த புழுவில் நச்சுக்குப் பிடி கிடைக்காது. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நச்சைத் தாங்கத் தொடங்கிய செய்தி 2010-இல் வெளிவந்தது. இந்தியப் புழுக்களை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை அந்த ஒரே மரபணுவில் எட்டு வகைச் சிதைவுகளைக் காட்டியது. நச்சு சொல்லிக்கொடுத்து வந்த மாற்றமென்றால் இத்தனை தாறுமாறு எதற்கு? எங்கெங்கோ தற்செயலாய் நேர்ந்த தவறுகளைப் பருத்திக் காடு பொறுக்கியெடுத்தது, அவ்வளவுதான்.

இந்தத் தாங்குதிறனுக்குப் பெரும்பாலும் தாய் வழியும் தந்தை வழியும் வரும் இரண்டு பிரதிகளும் சிதைந்திருக்க வேண்டும். ஆயிரம் பிரதிகளில் ஒன்று சிதைந்தது என்று வைத்துக்கொண்டால், தாங்கும் புழு பத்து லட்சத்தில் ஒன்று. அதைச் சுற்றிச் சாதாரண அந்துப்பூச்சிகள் நிறைய இருந்தால், அது அவற்றோடுதான் சேரும். பிறக்கும் புழு நச்சில் சாகும். அதற்காகத்தான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையையும் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். ஓரத்தில் விதைத்து, புழுவுக்கு விட்டுவிட வேண்டிய பருத்தி அது. பலர் விதைக்கவில்லை. இரண்டு ஏக்கர்க்காரரிடம் ஐந்து வரிசையைப் புழுவுக்கு விடச் சொல்லிவிட்டு, ஏன் என்று விளக்காமல் போனவர்கள்மீதுதான் என் வருத்தம். இன்னொன்றும் உண்டு. இங்கே விற்பது ஒட்டுவிதை. அதனால் அந்தச் செடியின் காய்க்குள் இருக்கும் விதைகளிலேயே சிலவற்றில் நச்சு இருக்காது. விதையைத் தின்று வளரும் இந்தப் புழுவுக்கு அது பெரிய வசதி.

அமெரிக்காவின் அரிசோனாவில் விவசாயிகள் சாதாரணப் பருத்தியைச் சேர்த்தே விதைத்தார்கள். 2006 முதல், கதிர்வீச்சால் குரோமோசோம்களை உடைத்து மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் விமானத்திலிருந்து வயல்களில் தூவினார்கள். 2018-இல் அமெரிக்கப் பருத்தி வயல்களில் இந்தப் புழு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இங்கே இரண்டாவது நச்சு மரபணுவைச் சேர்த்த விதை 2006-இல் வந்தது. 2015-இல் குஜராத்தில் அந்தப் பருத்தியையும் புழு தின்று தீர்த்தது. இம்முறை சிதைந்திருந்தது வேறொரு மரபணு. மூன்றாவது நச்சுக்காகக் காத்திருக்கும் கரிசல்காரர்கள் இந்தப் புழு கோடையைக் கழிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். பறிக்காமல் விட்ட காயிலும் விதையிலும் அது சுருண்டு கிடக்கும். பருவம் முடிந்ததும் பயிரை நீட்டிக்காமல் பருத்திமாரைப் பிடுங்கிக் காயோடு அழித்துவிட்டால் தாங்கும் புழுவும் தாங்காத புழுவும் சேர்ந்தே போகும். கேட்ஹெரின் சிதைந்திருப்பது அங்கே எந்தப் புழுவுக்கும் உதவாது.