பொலிகாளையும் வெப்பநிலையும்

சினை ஊசி போட்ட பசு 21 நாட்கள் கழித்து மறுபடியும் பருவத்திற்கு வந்து கத்துகிறது. மூன்று வாரத் தீவனச் செலவு வீண்; கன்றும் பாலும் தள்ளிப்போயின. வீட்டுக்காரர் பசுவைக் குறை சொல்வார். ஊசி போட்டவரைத் திட்டுபவரும் உண்டு. காளையின் விந்திலேயே குறை இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. காளையின் வயது, தீவனம், எத்தனை நாளுக்கொரு முறை விந்து சேகரிக்கிறார்கள் என்பன எல்லாம் அதன் தரத்தைப் பாதிக்கும். ஆனால் இயற்பியல் ஆசிரியனாகிய என் கண்ணில் முதலில் படுவது வெப்பநிலைதான்.

மாட்டின் உடல் வெப்பநிலை ஏறக்குறைய 38.5 டிகிரி செல்சியஸ். நல்ல விந்தணுக்கள் உருவாக, விரைகள் அதைவிட 2 முதல் 6 டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்கவேண்டும். அதனால்தான் விரைப்பை உடலுக்கு வெளியே தொங்குகிறது. ஆனால் விரைக்குப் பாயும் இரத்தம் உடற்சூட்டோடுதானே வரும்? இங்கே ஓர் அருமையான ஏற்பாட்டைக் காணலாம். விரைக்குச் செல்லும் தமனி பாம்புபோலச் சுருண்டு சுருண்டு இறங்குகிறது. அதைச் சுற்றிலும் சிரைகள் வலைபோலப் பின்னியுள்ளன. சிரைகளில் மேலேறுவது தோலருகே ஆறிய இரத்தம். இறங்கும் சூடான இரத்தம் தன் வெப்பத்தை அதனிடம் கொடுத்துவிட்டு, ஆறிய பிறகே விரையை அடைகிறது. இரு திரவங்களை எதிரெதிராக ஓடவிட்டு வெப்பத்தை மாற்றும் தொழிற்சாலைக் கருவியின் தத்துவமே இது!

விரைப்பைத் தோலில் வியர்வைச் சுரப்பிகளும் உண்டு. காற்றில் வெப்பமும் ஈரமும் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது, ஏற்பாடு தோற்றுவிடும். ஜெர்சி போன்ற குளிர்நாட்டுக் காளைகளுக்கு இத்தொல்லை நம் நாட்டு இனங்களைவிட அதிகம். காய்ச்சல் வந்தாலும் இதே கதிதான். கெடுதல் உடனே தெரியாது என்பதுதான் வேடிக்கை. காளையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாட்கள் ஆகும். பின்னர் சுருள்குழாயில் முதிர மேலும் பத்து நாள் போலாகும். ஆகவே மே மாத வெயிலின் விளைவு ஜூன், ஜூலையில் எடுக்கும் விந்தில், தலை உருக்குலைந்த, வால் சுருண்ட அணுக்களாகத் தலைகாட்டும்.

வெளியே எடுத்த விந்துக்கோ குளிர்தான் பகை. அணுவிலுள்ள நீர் உறைந்தால் பனிப்படிகங்கள் அதைச் சிதைத்துவிடும். 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுக்களை உறையவைத்துப் பிழைக்கச் செய்தனர். சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி அவர்கள் எடுத்த புட்டியில் உண்மையில் இருந்தது கிளிசரால். சீட்டு மாறிப்போயிருந்தது! புட்டிகளில் சீட்டைச் சரியாக ஒட்டுங்கள் என்று மாணவர்களைக் கண்டிக்கும்போது இந்தக் கதை நினைவுக்கு வந்து என் வாயை அடைத்துவிடும். சில ஆண்டுகளில் காளை விந்துக்கும் இம்முறை கைகூடியது.

இன்று 0.25 மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய உறைவிந்துக் குச்சியில் சுமார் இரண்டு கோடி அணுக்கள், மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனுள் உறங்குகின்றன. குச்சியின் நிறை மிகக் குறைவு; எனவே அதன் வெப்ப ஏற்புத்திறனும் குறைவு. எண் பார்ப்பதற்காகக் கலனின் வாய்க்கு மேலே தூக்கினால் நொடிகளில் சூடேறிவிடும். மீண்டும் நைட்ரஜனில் அமிழ்த்துவதால் சிதைந்த அணு பிழைக்காது. பயன்படுத்தும்போது குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 நொடிகள் வைத்து உருக்கவேண்டும். உள்ளங்கையில் தேய்ப்பதும், சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் ஆகாது. அடுத்த முறை சினை ஊசி போட வருபவரின் பெட்டியில் ஒரு வெப்பமானி இருக்கிறதா என்று பாருங்கள்.