சாரல் பிடிக்காத செடி
தோட்டம் துரவு – 11

போன வாரம் மல்லிகையைப் பற்றி எழுதியதும் குற்றாலத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "இங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை, ரோஜா மட்டும் ஏன் வர மாட்டேன் என்கிறது?" பஞ்சமில்லாததுதான் வம்பு.

ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழைந்துவிட்டால், மேலகரத்தில் என் அத்தை வீட்டு முற்றம் லேசில் காயாது. மாவு சலித்த மாதிரி தூறல், பத்து நிமிஷம் வெயில், மறுபடி தூறல். அருவிக்கு வருகிறவர்களுக்குச் சொர்க்கம். ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும்கூட, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது சும்மா இல்லை. சீசன் கடைகளில் குவிகிற மங்குஸ்தானும் ரம்புட்டானும் ஈரத்துக்குப் பிறந்தவை. ரோஜா அந்த வகையறா இல்லை.

கரும்புள்ளி நோயின் பூசணத்துக்கு இலைமேல் ஏழு மணி நேரம் போல ஈரம் நின்றால் போதும். சாரல் காலத்து ராத்திரி ஒன்றே தாராளம். முதலில் அடி இலையில் மை தெறித்தது போல ஒரு வட்டம். ஓரம் நூல் பிரிந்த மாதிரி இருக்கும். சுற்றிலும் மஞ்சள் பரவும். தொட்டால் இலை கையோடு வந்துவிடும். ஆகஸ்டில் செடி முள்ளும் குச்சியுமாக நிற்கும்.

ஒரு வருஷம் அழகுக்கு மயங்கி ஹைப்ரிட் டீ ரகத்தில் நாலு செடி வாங்கி அத்தை வீட்டில் வைத்தேன். மொட்டு வந்தது, விரியவில்லை. வெளி இதழ்கள் நனைந்து ஒட்டி, காகிதக் கூழாகப் பழுப்பேறிப் பூட்டிக்கொண்டன. அத்தை ஒன்றை நகத்தால் பிரித்துக் காட்டினாள்: உள்ளே நல்ல சிவப்பு, மடிப்புக் கலையாமல். அதே ரகம் கிழக்கே சுரண்டையில் நண்பர் வீட்டில் குலுங்கிக்கொண்டிருந்தது.

முற்றத்தில் தாக்குப்பிடித்தது பன்னீர் ரோஜா. எட்வர்ட் ரோஜா என்பதும் அதைத்தான். ரியூனியன் தீவுக்குப் பூர்பான் என்று பேர் இருந்த காலத்தில், அங்கே சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகக் கலந்து பிறந்த வம்சம். இதழ்கள் தளர்வு; நனைந்தாலும் விரிந்துவிடும். புள்ளி விழாமல் இல்லை, விழுந்தபின் துளிர்க்கிற வீம்பு உண்டு. (இதையே வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டுவதும் உண்டு. ஒட்டுக்குக் கீழே தளிர் கிளம்பினால் உடனே கிள்ளிவிடுங்கள்; விட்டால் காசு கொடுத்து வாங்கிய ரகம் போய் வேர்ச்செடிதான் மிஞ்சும்.)

சொம்பை இலைமேல் சாய்த்த என்னை அத்தை ஒருநாள் அதட்டினாள்: "ஏல, தண்ணி வேருக்குத்தாம்ல, இலைக்கு இல்ல." உதிர்ந்த இலைகளைத் தினமும் முறத்தில் பொறுக்கி அடுப்பில் போட்டுவிடுவாள், பூசணம் அவற்றில்தான் அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கும். மே கடைசியிலேயே தொட்டிகள் கிழக்குத் தாழ்வாரத்துக்குப் போய்விடும். சாரல் மேற்கிலிருந்து வருவதால் வீடே மறைப்பு; காலை வெயிலும் கிடைக்கும்.

கவாத்துக்குப் புத்தகங்கள் அக்டோபரைச் சொல்லும். இங்கே அது வடகிழக்குப் பருவமழை. வெட்டுக்காயத்தில் ஈரம் இறங்கினால் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும். அத்தை கார்த்திகை தீபம் கழிந்து, மழை ஓய்ந்த பிறகே கத்திரியை எடுப்பாள். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக ஒரு வெட்டு. நாற்பத்தைந்து நாள் கணக்கு. தைப்பூசத்தை ஒட்டிப் பூ வந்துவிடும். முதல் பூ தென்காசி காசிவிசுவநாதருக்கு. இரண்டாவது அவள் கொண்டைக்கு.

(தொடரும்)