ரீஜியன் ஃப்ரீ பிளேயர் வாங்கும் முன்

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட மூன்று அபு படங்களின் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் தீவிபத்தில் கருகின. முடிந்தவரை மீட்டு, 2015-ல் அமெரிக்காவில் புளூ-ரே போட்டார்கள். ஆசையாக வரவழைத்தேன். வேளச்சேரி வீட்டு பிளேயரில் ஓடவில்லை! டிஸ்க் ரீஜியன் ஏ, இந்தியா சி. டிவிடிக்கு வேறு கணக்கு: அமெரிக்கா 1, நாம் 5.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். பெட்டியில் 'ரீஜியன் ஃப்ரீ' என்று போட்டிருந்தாலும் பல சமயம் அது டிவிடிக்கு மட்டும்தான். "புளூ-ரேயில் ஏ, பி, சி மூன்றும் ஓடுமா?" என்று தனியாகக் கேளுங்கள். முடிந்தால் டிஸ்கையே கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் டிரைவில் டிவிடி ரீஜியனை 5 முறைதான் மாற்றலாம், அப்புறம் பூட்டிக்கொள்ளும். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்குக்கு இந்தத் தொல்லை இல்லை, ரீஜியனே கிடையாது. பிளேயர் மட்டும் 4கே டிஸ்க் படிப்பதாக இருக்கணும்.